விதை விழாத படம்

எங்கள் மலையில் குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். சமையலுக்கான எரிவாயு உருளை இப்போது எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆயினும் ஐந்தாறு பேர் குளிக்கும் நீரை நாள்தோறும் அதில் காய்ச்சினால், மாதம் பாதி கழியுமுன்னே உருளை ஒழிந்துபோகும். ஆகவே சோறும் குழம்பும் எரிவாயுவில், வெந்நீர் வெளியே கல்லடுப்பில் என்றுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் நடக்கின்றன. இதனை அறியாதவர் எங்கள் ஊரில் எவருமில்லை. நான் இதனை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பதே.

நடுவட்டத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சிறிது தொலைவு இறங்கினால் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே நெடுங்காலமாகத் தமிழாசிரியனாக இருக்கிறேன். பள்ளிக்குக் கீழே என் வீடு. என் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, நீண்ட இரண்டு வரிசைகளாக. அதனை அங்குள்ளோர் லயம் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தோரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் ஆவர். லயத்தின் மேற்கோடியிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை மேலேறிச் சீகை மரக்காட்டுக்குள் நுழையும். வெள்ளையர் காலத்தில் வேற்று நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட மரம் அது; நட்டவர்கள் போன பிறகும் தானே பரவி, சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடித்ததும் பெண்கள் கால்மணி நேரம் அந்தப் பாதையில் ஏறி, உதிர்ந்த கிளைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டுமுன் இறங்கிவிடுவர். காட்டின் விளிம்பில் வனத்துறையின் எல்லைக்கல் ஒன்று உண்டு. அதனைக் கடந்து விறகெடுப்பது குற்றம். அந்தக் கல்லின்மீதுதான் அவர்கள் கட்டை இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள்.

லயத்தின் கடைசி வீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகள். என்னிலும் சில ஆண்டுகள் மூத்தவராதலின் அவரை நான் அக்கா என்று அழைப்பேன். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் என்பதனால் லயத்தார் என்னிடம் வருவதுண்டு. மகளின் சான்றிதழுக்காக அவர் முதன்முறை வந்தபோது, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லா இருக்கு சார். ரேடியோவுல செய்தி வாசிச்ச மாதிரி இருக்கு. இதுல எம் மக எங்க வர்றா?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை என் பின்வாசலில் ஒரு விறகுக் கட்டு இருந்தது. விலை கேட்டதற்குச் சினந்துகொண்டார். அன்று தொடங்கிச் சனிக்கிழமைதோறும் ஒரு கட்டு வந்தது. பழஞ்சேலையைக் கிழித்து முறுக்கிய நாடாவால் அதனைக் கட்டியிருப்பார். கயிறு நழுவும், சேலை நழுவாது என்பது அவர் கொள்கை. நான் கட்டை அவிழ்த்து நாடாவைப் பின்கதவின் ஆணியில் மாட்டிவைப்பேன். அடுத்த சனிக்கிழமை அதனை எடுத்துக்கொண்டு புதுக் கட்டை வைத்துச் செல்வார். இவ்வாறு பல ஆண்டுகள். அரசு ஊதியம் பெறும் ஆசிரியன் வீட்டுக்குக் காப்புக்காட்டு விறகு வருகிறது என்பதை நான் நன்கறிவேன். அறிந்தும் அதனைப் பற்றி எண்ணாதிருக்கப் பழகியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக்குப் புதிய வன அலுவலர் ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம்பெண். காட்டில் எந்த வேலையை முதலில் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்பதை அலுவலகத்தில் அமர்ந்து தீர்மானிக்காமல், காட்டை ஒட்டி வாழ்வோரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் பெற்ற பயிற்சி. அதனை அவர் உண்மையாகவே நம்பினார். அதற்காக லயத்தாரை அழைத்து நடத்தவிருக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பை எழுதித்தர வேண்டும் என்று கேட்டுப் பள்ளிக்கு வந்தார்.

“நாங்க எழுதினா ஆபீஸ் பாசையாப் போயிருதுங்க சார். நாளைக்கு அவுங்களுக்கே வாசிச்சுக் காட்டோணும், புரியோணும்” என்றார்.

முறையையும் விளக்கினார். ஐந்து தேவைகளை ஐந்து தாள்களில் படமாக வரைந்து தரையில் பரப்பிவைப்பார். வருபவர் ஒவ்வொருவர் கையிலும் பத்துத் தேயிலை விதைகள் தரப்படும். எது எவ்வளவு வேண்டுமோ அந்தப் படத்தின்மீது அத்தனை விதைகளை வைக்கலாம். கவாத்து செய்யாமல் விட்ட பழஞ்செடிகளின் அடியில் கோலிக்குண்டுபோல் உதிர்ந்து கிடக்கும் அந்த விதைகளைத் தாமே பொறுக்கி ஒரு பை நிறைய வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும், பலர் முன் பேசக் கூசுவோரும் தங்கள் எண்ணத்தைக் காட்டிவிடக்கூடிய வழி அது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அக்கா கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது விதைகளைப் பற்றிச் சொன்னேன். ஐந்து படங்களுள் விறகும் ஒன்று. அதன்மேல் விதை வைத்தால் விறகெடுக்க முறைப்படி ஒரு வழி செய்து தருவார்கள் என்றேன். அவர் தலையிலிருந்த சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னார்.

“அந்தப் படத்துல வெதை வச்சா எழுதிக்குவாங்க சார். எழுதிக்கிட்டா அது அவங்க வழி. நாம சொல்லாம இருக்கற வரைக்கும் அது நம்ம வழி.”

அலுவலர் நல்லவர், கேட்பதற்காகவே வருகிறார் என்று நான் எடுத்துரைத்தேன்.

“நல்ல புள்ளையாத்தான் இருக்கும். நீங்க பெரட்டுக் களத்துல நின்னதில்லயே சார். பேரு கூப்புட்டா வாயத் தொறக்கணும். வேற எதுக்குத் தொறந்தாலும் அன்னைக்குப் பள்ளத்து மலைக்கு அனுப்பிருவாங்க.”

பிரட்டுக் களம் என்பது விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். மலை என்று அவர் சொன்னது தேயிலைக் காட்டின் பகுதியை. பள்ளத்து மலை மிகச் செங்குத்தானது, அட்டைகள் நிறைந்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் நாளின் தொடக்கத்தில் ஏடும் கையுமாக நிற்கும் ஒருவர்முன் நின்றிருக்கிறார்கள். ஏட்டில் ஏறியது எதுவும் அவர்களுக்கு நன்மையாகத் திரும்பி வந்ததில்லை. ஏறாமல் தப்பியவை மட்டுமே அவர்களுடையவையாக இருந்தன: லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்திக் கீரை, ஓர் ஆட்டுக்குட்டி, இந்தப் பாதை. கூட்டத்தில் எவரும் விறகைக் கேட்பதில்லை என்று லயம் முழுவதும் முன்னரே பேசி முடிவாகியிருந்தது. அக்கா என்னிடம் அதனைச் சொன்னது என்மேல் கொண்ட நம்பிக்கையினால்.

மறுநாள் காலை பள்ளியின் நீண்ட வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கூடினோம். அலுவலர் தரையில் படங்களை வரிசையாகப் பரப்பினார். நீரூற்று, காட்டெருமை, மேய்ச்சல் புல், சோலை மரக்கன்று, விறகுக் கட்டு. அவர் கை ஓவியத்துக்குப் பழகியதன்று. காட்டெருமையைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

“இது காட்டெருமைங்களா, நம்ம சூப்பர்வைசரா?” என்று ஒரு முதியவர் கேட்டார்.

“கொம்பு இருக்குல்ல. அப்ப காட்டெருமதான்” என்று அக்கா மறுமொழி தர, அலுவலரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு விதை வைக்கத் தொடங்கினார்கள். நீரூற்றின்மேல் விதைகள் குவிந்தன. அதில் பொய்யில்லை, மாசி பிறந்தால் லயத்துத் தொட்டிக்கு வரும் ஓடை நூலாக இளைத்துவிடும், பெண்கள் குடத்தோடு சாலைவரை ஏறுவர். அடுத்ததாகக் காட்டெருமைக்கு, குடியிருப்புக்குள் அவை வாராமல் தடுக்க வேண்டும் என்பது பொருள். மேய்ச்சலுக்குச் சில. மரக்கன்றுக்குக் கைக்குள் மிஞ்சியவை. விறகுக் கட்டின் படத்தைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் நடந்தார்கள். தாள் மிதிபடாதவாறு ஒரு பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார். ஊரில் வசிப்பவன் என்ற முறையில் எனக்கும் பத்து விதைகள் தரப்பட்டன. பத்தையும் நீரூற்றில் வைத்தேன்.

எண்ணி முடித்தபின் அலுவலர் அந்த விறகுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விதைகூட விழாதது அவருக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். கூட்டத்தை நோக்கிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க சார், வெறகு நெசமாலுமே யாருக்கும் வேண்டாமுங்களா?”

என் வாழ்வில் என்னை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதனைவிட எளியது இருந்ததில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த விதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீடுகளுக்கும் எரிவாயு வந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

அது பொய்யன்று. எல்லா வீடுகளுக்கும் எரிவாயு வந்துதான் இருந்தது. அவர்கள் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்துக்கு அடியில் என் பின்வாசலில் முந்தின நாள் வந்திறங்கிய கட்டும் கிடந்தது. குறிப்பேட்டில், ‘விறகுத் தேவை எவராலும் முன்வைக்கப்படவில்லை’ என்று எழுதினேன். பிழையற்ற வாக்கியம், ஒவ்வொரு சொல்லும் நடந்ததையே சொன்னது. அன்று மாலை அதனை மீண்டும் படித்துப் பார்த்து நிறைவடைந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

திட்டம் விதைகளின் வழியே வகுக்கப்பட்டது. ஓடை பிறக்கும் சரிவில் மண்டிய சீகையை ஆண்டுக்கொரு பகுதியாக வெட்டுவது, அங்கே சோலை மரக்கன்றுகளை நடுவது, அவை தலையெடுக்கும்வரை கம்பிவேலியிட்டு அடைப்பது. அடுத்த கூட்டத்தில் நானே இதனைப் படித்துக் காட்டினேன். வேலி அந்த ஒற்றையடிப் பாதையை அடைத்துவிடும் என்பதும் அதில் இருந்தது. மறுப்பு உண்டா என்று அலுவலர் கேட்டார். காட்டுக்குள் போகும் பாதை எனக்கு வேண்டும் என்று எவர் சொல்வார்? வரிசையாக வந்து கையெழுத்திட்டார்கள். அக்கா தம் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

வெட்டிய மரங்கள் லாரிகளில் மலையிறங்கின. லயத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பள்ளிவிட்டு வந்துகொண்டிருந்த என்னைக் கண்டு அக்கா, “நம்ம அடுப்பு போகுது சார், டாட்டா காட்டுங்க” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன்பின் விறகுக்கு வேறு வழி ஒன்றே இருந்தது. தேயிலைக் காட்டின் கீழ்எல்லையைக் கடந்தால் ஒரு சதுப்பு நிலம். அதற்கப்பால் எதிர்ச்சரிவில் இன்னொரு சீகைக்காடு. கால்மணி நேரம் சென்று வந்த பெண்கள் இப்போது போக ஒரு மணி, வர ஒரு மணி நடந்தார்கள். சதுப்பில் கோடையிலும் பசும்புல் இருக்கும். ஆதலால் காட்டெருமைகள் அங்கேதான் மேயும். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது பாறையா விலங்கா என்று தெரியாது. என் வகுப்பறைச் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு தெரியும். மாலைகளில் தலைச்சுமையோடு ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சதுப்பின் ஓரத்தைச் சுற்றி வருவதைப் பார்ப்பேன். எண்ணிப் பார்ப்பேன், போன எண்ணிக்கையே திரும்பியிருந்தால் சன்னலைச் சாத்துவேன்.

எனக்கு இனி விறகு வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“உங்களுக்காகவா போறேன்? எம் மகளுக்குத் தலைக்கு ஊத்த வேணாமா? அதோட சேத்து ஒரு கட்டு. போற கால் ஒரே கால்தானே சார்” என்றார்.

அந்த விடையை ஏற்றுக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. வன அலுவலகம் பேருந்தில் அரைமணித் தொலைவுதான். சென்று உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை எண்ணினேன். நானே எழுதி, நானே படித்துக் காட்டி, எல்லாரும் கையெழுத்திட்ட ஒன்றை நானே எவ்வாறு மறுப்பது என்று ஒவ்வொரு முறையும் தயங்கினேன். லயத்தாரின் சம்மதமில்லாமல் சொல்லலாகாது என்றும் எண்ணினேன். சம்மதத்தைக் கேட்டேனா என்றால், அதுவுமில்லை.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே சாரல், தோட்டத்தில் வேலை அரைநாளோடு நின்றது, பிற்பகலில் மூடுபனி பள்ளி முற்றம்வரை வந்துவிட்டது. அன்று சன்னலில் எதுவும் தெரியவில்லை. நான்கு மணியளவில் கீழே பெண்கள் கூவும் ஓசை கேட்டு இறங்கி ஓடினேன். அதற்குள் ஆண்கள் அக்காவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறிவிட்டிருந்தார்கள். சதுப்பின் திருப்பத்தில், புதரென்று எண்ணியது எழுந்து வந்திருக்கிறது. முன்னால் சென்றது அக்கா. பின்னால் வந்தவர்களுக்கு மூச்சுச் சீறல் கேட்டிருக்கிறது; அவர் குரல் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக் கூடலூர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

செய்தி வந்து சேர்வதற்கு முன்னரே, அவரோடு சென்ற பெண்கள் இருவர் என் பின்வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் தலையில் விறகுக் கட்டு, மற்றவர் முந்தானைக்குள் கொடுவாள். இரண்டும் அக்காவினுடையவை. அலுவலர்கள் வந்து பார்க்குமுன், விறகுக்குப் போனார் என்பதற்கு எந்தத் தடயமும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று அழுதுகொண்டே அவற்றை எடுத்து வந்திருக்கிறார்கள்.

“வாத்தியார் வீட்டுல யாரும் தேட மாட்டாங்க” என்று ஒருவர் சொன்னார். மற்றவர் கட்டை இறக்கிவைத்துவிட்டு, “இது உங்க கட்டுதான் சார். இன்னைக்குச் சனிக்கிழம” என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வன அலுவலர் வந்து சேர்ந்தார். எங்கே, எதற்காகப் போனார் என்று கேட்டார். தொலைந்த மாட்டைத் தேடிப் போனார் என்று லயத்தார் ஒரே குரலில் சொன்னார்கள். அக்காவிடம் மாடு இருந்ததேயில்லை. அலுவலர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, முன்பு செய்ததுபோலவே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் உதகை சென்று, மின்சாரத்தில் நீர் காய்ச்சும் கருவி ஒன்றை வாங்கி வந்தேன். கடையில் நின்றது கால்மணி நேரம் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் என்றேனும் ஒருநாள் அதனை வாங்கியிருக்கலாம். வாங்காததற்குக் காரணம் தேடினால், சனிக்கிழமைதோறும் விறகு வந்துகொண்டிருந்தது என்பதன்றி வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கடைசிக் கட்டைப் பின்புறக் கொட்டகையில், அவிழ்க்காமல், நனைந்தபடியே வைத்தேன். ஆணியில் ஒரு பழைய நாடா தொங்கிக்கொண்டிருந்தது, முந்தின வாரத்தது.

அடுத்த மாசியில் லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. பங்குனியிலும் வந்தது. அவ்வாண்டு மழை மிகுந்ததனாலா, சரிவில் சீகை போனதனாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அலுவலர் கன்றுகளைக் காட்ட என்னை ஒருமுறை அழைத்துச் சென்றார். நாவலும் விக்கி என்னும் சோலை மரமும் முழங்கால் உயரம் வளர்ந்து, இளந்தளிர் செம்மையாய் மினுங்கிக்கொண்டிருந்தன. வேலை நன்றாகவே நடந்திருந்தது. விதை எதன்மேல் விழுந்ததோ அது அவர்களுக்குக் கிடைத்தது.

அக்கா இறந்து ஓராண்டு ஆகும் தறுவாயில், முன்னுரிமைகளை மீண்டும் பார்க்க வேண்டும் என்று அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. அதனோடு படங்களின் பட்டியலும் இருந்தது. நான்கே படங்கள். சென்றமுறை ஒரு விதையும் பெறாததை அவர் நீக்கிவிட்டிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் மகளைப் பார்க்கச் சென்றேன். அவள் நடுவட்டத்துச் சாலையோரத்தில் பயணிகளுக்குத் தேயிலைத்தூள் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். பேருந்து ஒன்று நின்று கிளம்பும்வரை காத்திருந்தேன். கூட்டத்தில் உண்மையைச் சொல்ல விரும்புவதாகவும், அவள் அனுமதி வேண்டும் என்றும் கேட்டேன். அவள் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பேசினாள்.

“அம்மாவ இழுக்காதீங்க சார். அது மாடு தேடிப் போனதாவே இருக்கட்டும். உங்க பேரச் சொல்லுங்க.”

நான் தலையசைத்தேன். அவள் அத்துடன் விடவில்லை.

“எல்லாருக்கும் எழுதிக் குடுத்தீங்க. உங்க பேருல எதையாச்சும் ஒருவாட்டி கேட்டிருந்தா, அம்மாவும் கேட்டிருக்கும்.”

கூட்டம் அதே வகுப்பறையில் கூடியது. அலுவலர் நான்கு தாள்களைப் பரப்பி, விதைப்பையை எடுத்தார். அப்போது நான் எழுந்தேன். நாற்பது நிமிடம் தடையின்றிப் பாடம் சொல்லும் எனக்கு அன்று நான்கு வாக்கியங்கள் வருவது அரிதாக இருந்தது. ஐந்தாவது படம் வேண்டும் என்றேன். என் வீட்டில் பல ஆண்டுகளாக அந்தக் காட்டு விறகுதான் எரிந்தது என்றேன். அது அடைபட்ட பாதை வழியாகவே வந்தது என்றேன். சென்றமுறை என்னைக் கேட்டபோது இதனை அறிந்தே சொல்லாதிருந்தேன் என்றும் சொன்னேன்.

அலுவலர் பையைத் தரையில் வைத்தார். அவர் முகத்தில் சினமில்லை. சினம் இருந்திருந்தால் எனக்குத் தாங்குவது எளிதாயிருக்கும்.

“போன வருசம் கேட்டனுங்களே சார்” என்றார்.

கேட்டீர்கள் என்றேன்.

அவர் பட்டியல் தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் ஒரு விறகுக் கட்டை வரைந்து மற்றப் படங்களோடு வைத்தார். ஆளுக்குப் பத்து விதைகளைக் கொடுத்தார். பிறகு அக்காவின் மகள் எழுந்துவந்து இரண்டு விதைகளை அதன்மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அவளுக்குப் பின் ஒரு பெண் ஒரு விதை, பிறகு இன்னொருவர். மூன்றுக்கு மேல் எவரும் வைக்கவில்லை; வைத்த கையை உடனே சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் என் பத்தையும் வைத்தேன். எண்ணிக்கையில் விறகு மூன்றாவதாக வந்தது.

அதன்பின் நடந்ததைச் சொல்லக் கூசுகிறேன். அத்துணை எளிதாக அது நடந்தது. இனி வெட்டும் மரங்களின் கிளைகள் லாரியில் ஏறாமல் லயத்தின் மேற்கோடியில் அடுக்கப்படும். வேலியில் ஒரு கதவு வைத்து, புதனும் சனியும் அந்தப் பழைய பாதை திறக்கப்படும். காவலர் ஒருவர் உடன்வருவார். உதிர்ந்ததை எடுக்கலாம், வெட்டக் கூடாது. அலுவலர் தொலைபேசியில் மேலிடத்தாரிடம் இரண்டு முறை பேசினார், அவ்வளவுதான். பெண்கள் கொண்டுவந்த தேநீர் ஆறுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. எவரும் மகிழவில்லை. முன்பு காட்டெருமைப் படத்தைக் கேலி செய்த முதியவர் மட்டும், எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, “இம்புட்டுத்தானா” என்றார்.

அன்றைய குறிப்பில், ‘விறகுத் தேவையை இக்குறிப்பினை எழுதுபவன் முன்வைத்தான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பழைய குறிப்பின் பக்கமும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. அதனை நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் பிழையேதுமில்லை.

கதவு திறந்த முதற் சனிக்கிழமை மாலை, பின்வாசலில் காலடி ஓசை கேட்டது. அக்காவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் சுமையில்லை, கை வெறுமையாக இருந்தது. ஆணியில் தொங்கிய நாடாவை எடுத்து மடித்துக்கொண்டாள். இன்னொன்று எங்கே என்று கேட்டாள். அவளைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். மழையில் நனைந்து காய்ந்ததனால் கட்டின் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்துவிட்டுக் குந்தி அமர்ந்து, நகத்தாலும் பின்னர்ப் பல்லாலும் அதனை நெகிழ்த்தத் தொடங்கினாள். நேரம் ஆயிற்று. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவிழ்ந்ததும் விறகுகள் சரிந்து தரையில் பரவின. நாடாவை நீவி விரித்துப் பார்த்தாள். ஓரத்தில் பச்சைக் கரை மங்கலாகத் தெரிந்தது. அதனையும் முன்னதோடு சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விறகை எடுத்துச் செல்லவில்லையா என்று கேட்டேன்.

“அது உங்களுக்குக் கொண்டாந்தது சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கல்லடுப்பை ஓராண்டாகத் தொடவில்லை. அதனைத் துடைத்துச் சாம்பல் வாரி, பெரிய பானையில் நீர் நிரப்பி ஏற்றினேன். சீகை நன்கு காய்ந்திருந்ததனால் விரைவில் பற்றிக்கொண்டது. கட்டு முழுவதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நீர் கொதித்தது. குளியலறையில் மின்கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பானையிலிருந்து ஆவி எழுந்து மூடுபனியோடு கலக்க, அந்த வெந்நீரை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தேன்.